ஏட்டில் ஒட்டிய ஈ

சங்க மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு செயலாளர் அவர்கள் விடுத்த அன்பு மடலின் இறுதியில், "கட்டுரை தங்கள் சொந்தப் படைப்பாக இருத்தல் வேண்டும்" என்ற ஒரு வரி இவ்வாண்டு புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தது. முன் வந்த மடல்களில் இவ்வரி இருந்ததாக நமக்கு நினைவில்லை. இது எல்லோர்க்கும் பொதுவாக அச்சிடப்பட்டதே என்பதையும், நம்மைக் குறித்து எழுதப்பட்டதன்று என்பதையும் நன்கறிவோம். ஆயினும் அதனைப் படித்த இரவு நெடுநேரம் உறக்கம் கொள்ளவில்லை. காரணம் இருபது ஆண்டுகளுக்கு முந்தியது. அதனைச் சொல்லுமுன் வேறு சிலவற்றைச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அன்பர்கள் பொறுத்தருள்க.

இந்நகரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகக் காலம் கழித்து வருகிறோம். எழுத்தர் குலத்தின்மீது பழைய பழி ஒன்று உண்டு. துரை ஒருவர் தம் குமாஸ்தாவிடம் பழைய ஏடு ஒன்றைக் கொடுத்து, உள்ளது உள்ளபடியே படியெடுத்து வா என்று பணித்தாராம். அந்த ஏட்டின் நடுவே எப்பொழுதோ நசுங்கிச் செத்த ஈ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நம் முன்னோராகிய அந்தக் குமாஸ்தா, அதே அளவில் ஓர் ஈயைத் தேடி அடித்து, அதே பக்கத்தில் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு போய் நின்றாராம். தமிழ்நாட்டில் 'ஈயடிச்சான் காப்பி' என்று வழங்கும் இதனை, நம் அலுவலக மலையாள நண்பர்கள் 'ஈச்சக்கோப்பி' என்பர். மொழி வேறாயினும் ஈ ஒன்றே.

அலுவலகத்தில் படியெடுத்தல் கடமைகளுள் ஒன்று. அடியில் 'உண்மை நகல்' என்று எழுதி, முத்திரையிட்டு, கையொப்பம் பெற்ற பின்னரே அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டாகிறது. முந்தைய கோப்பைப் பார்த்து அதே சொற்களில் குறிப்பு எழுதுபவனே நல்ல எழுத்தன் என்று பெயர் வாங்குவான். ஆனால் ஒன்று: எந்தக் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கு எண்ணும் நாளும் இருந்தாக வேண்டும். அவை இல்லாத நகல் மேலாளர் மேசையைக் கடந்து போகாது. கல்வி உலகில் வேண்டப்படுவதும் ஏறத்தாழ இதுவே என்று நமக்குத் தோன்றுகிறது. பிறர் சொல்லையும் கருத்தையும் எடுத்தாளத் தடையில்லை. எங்கிருந்து எடுத்தோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுநெறி என்று எண்ணுவோர் உளர். இளங்கலை வகுப்பில் நன்னூல் படித்தவர்க்கு அவ்வாறு எண்ணத் தோன்றாது. சிறப்புப் பாயிரம் இன்னின்னவற்றைச் சொல்லவேண்டும் என்று வகுக்கும் பவணந்தி முனிவர், ஆக்கியோன் பெயருக்கு அடுத்தபடியாகவே நூல் வந்த 'வழி'யை வைக்கிறார். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நூலை மூவகையாக்கினாரே தவிர, வழிநூல் செய்தவனை இழிவாகப் பேசவில்லை. முப்பத்திரண்டு உத்திகளுள் முன்னோர் நூலிலிருந்து எடுத்துக் காட்டும் 'தானெடுத்து மொழிதலும்', பிறர் கொள்கையை அவர் கொள்கையாகவே கூறும் 'பிறன்கோட் கூறலும்' இடம்பெறுகின்றன. இன்னும் சுவையானது, அந்தச் சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியன் தானே எழுதிக்கொள்ளும் வழக்கம் இல்லை என்பது. அவனுக்குக் கற்பித்தவர், உடன் கற்றவர், அவனிடம் கற்றவர், உரை செய்தவர் ஆகியோருள் ஒருவர் பாடித் தருதல் வேண்டும். இந்நூல் இன்ன வழியில் வந்தது என்பதற்கு வேறொருவர் சான்று பகர்கிறார். ஆராய்ச்சி இதழ்கள் இன்று கட்டுரைகளைப் பிற அறிஞர்க்கு அனுப்பி மதிப்புரை கேட்கும் முறைக்கு இது அவ்வளவு தொலைவில் இல்லை.

இலக்கணத்தை விட்டு இந்நகருக்கு வருவோம். பாளையத்துப் பல்கலைக்கழகக் கல்லூரியைக் கடந்து நாள்தோறும் அலுவலகம் செல்லும் தமிழர் எத்தனையோ பேர். அது மகாராஜா கல்லூரி என்ற பெயரோடு விளங்கிய நாளில் அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. 1855இல் ஆலப்புழையில் பிறந்து, 1897இல் நாற்பத்திரண்டாம் வயதிலேயே மறைந்தவர். 1891இல் அவர் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தின் பாயிரப் பகுதியிலிருந்தே, தமிழ்நாட்டு அரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தை எடுத்துக்கொண்டது; 2021இல் அதுவே மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. இவையெல்லாம் நம் பிள்ளைகளும் அறிந்தவை. அவர்கள் பெரும்பாலும் அறியாத ஒன்று, அந்த நாடகத்தின் முன்னுரையில் இருக்கிறது. கதை தமக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதைப் பிள்ளையவர்கள் அங்கே ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிட்டார். ஆங்கிலப் புலவர் லிட்டன் பிரபு எழுதிய 'இரகசிய வழி' என்னும் கதையைத் தழுவியது தம் நூல் என்றார்.

அந்நாளில் திருவனந்தபுரத்திலோ திருநெல்வேலியிலோ லிட்டனின் அந்தக் கதையைப் படித்திருந்த தமிழர் எத்தனை பேர் இருந்திருக்கக் கூடும்? அவர் வாய் திறவாமல் இருந்திருந்தால் கண்டுபிடிப்பார் எளிதில் கிடைத்திருக்க மாட்டார்கள். 'இரகசிய வழி'யை அவர் இரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. பேரூர்க்கடையில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் தம் ஆசிரியர் ஹார்வியின் பெயரால் 'ஹார்விபுரம்' என்று பெயரிட்ட மனிதர் அவர். பட்ட கடனைச் சொல்வது அவருக்கு இயல்பாகவே இருந்திருக்கிறது. திருவிதாங்கூரின் பழைய மன்னர் சிலரின் காலத்தை ஆராய்ந்தபோதும், கல்வெட்டுகளைத் தேடிப் படியெடுத்து, அவற்றை முன்வைத்தே பேசினார். அவ்வாறே டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களின் பதிப்புகளைப் புரட்டினால், ஏட்டுச்சுவடி கொடுத்து உதவியவர்களின் பெயர்கள் ஊர்ப்பெயர்களோடு வரிசையாக நிற்பதைக் காணலாம். கறையான் அரித்த ஒரு கட்டு ஏடு கொடுத்தவர்க்கும் அங்கே ஓர் இடம் உண்டு.

இத்தகைய நகரில், 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கேரளப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் வழங்கிய ஓர் ஆய்வேடு நாளிதழ்களில் அடிபட்டது. 'வாழக்குல' என்னும் புகழ்பெற்ற மலையாளக் கவிதையை எழுதியவர் சங்ஙம்புழை கிருஷ்ண பிள்ளை. கேரளத்தில் பள்ளிச் சிறுவனும் அறிந்த செய்தி. ஆய்வேட்டிலோ அது வைலோப்பிள்ளியின் பெயரில் இருந்தது. வேறோர் இணையக் கட்டுரையின் பகுதிகளும் ஏட்டில் உள்ளன என்ற புகாரும் எழுந்தது. ஆய்வாளர் களவு என்பதை மறுத்தார். பெயர்ப் பிழை கவனக்குறைவு என்றும் திருத்திக்கொள்வதாகவும் கூறினார். அவர் பெயர் நமக்கு இங்கே வேண்டுவதில்லை. அந்தக் கவிதையின் பொருளை நினைத்தபோதுதான் நமக்கு வியப்பு மேலிட்டது. ஏழைப் புலையன் ஒருவன் தன் குடிசை முன் நட்டு, நீரூற்றி, பிள்ளைகள் ஆசையோடு காத்திருக்க வளர்த்த வாழைக்குலையை, நிலத்துக்குரியவன் தனதென்று கொண்டுபோகும் கதை அது. அப்படிப்பட்ட பாட்டுக்குத்தானா இந்த வினை வரவேண்டும்!

எழுத்தர் என்ற முறையில் நம் மனத்தை உறுத்தியது இன்னொன்று. அந்த ஏடு வழிகாட்டியைக் கடந்து, தேர்வாளர்களைக் கடந்து, வாய்மொழித் தேர்வையும் கடந்து வந்திருக்கிறது. இத்தனை கையொப்பம் பெற்ற கோப்பில் அப்பக்கத்தை ஒருவரும் படிக்கவில்லை என்றுதானே பொருள்?

வடநாட்டு நிகழ்ச்சி ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 2002இல் குமாவுன் பல்கலைக்கழகத்துத் துணைவேந்தர் பி. எஸ். ராஜ்புத்தும் அவருடைய மாணவர் ஒருவரும் எழுதிய இயற்பியல் கட்டுரை ஓர் ஐரோப்பிய இதழில் வெளிவந்தது. அது ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியை ரெனாட்டா கல்லோஷும் உடனுழைப்பாளரும் 1996இல் எழுதிய கட்டுரையின் நகல் என்பது வெளிப்பட்டது. நோபல் பரிசு பெற்ற மூவர் உள்ளிட்ட ஸ்டான்போர்டு இயற்பியலறிஞர்கள் அந்நாளைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களுக்கே மடல் எழுதினர். விசாரணை நடந்தது, குற்றம் மெய்ப்பட்டது, 2003இல் துணைவேந்தர் பதவி விலகினார். இராமேசுவரத்துத் தமிழர் ஒருவர் அந்நாற்காலியில் அமர்ந்திருந்த காலத்தில் இப்படியொரு மடல் கடல் கடந்து வந்ததே என்று அன்று நாம் நாணியது உண்டு. அந்த நாணத்தை அதே காலத்தில் நம் மேசைமீது நடந்த வேறொன்றின்மேல் செலுத்தினோமில்லை. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் இதற்கென்றே ஓர் ஒழுங்குமுறை வகுத்தது. எழுத்தர் கண்ணுக்கு அது மிகவும் பழகிய நடை. ஆகவே விரும்பிப் படித்தோம். ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரையாயின், ஆய்வாளர் 6 மாதத்துக்குள் திருத்திய ஏட்டைத் தரவேண்டும். 40க்கு மேல் 60 வரையாயின், ஓராண்டுக்கு ஏடு தரத் தடை. 60ஐத் தாண்டினால் பதிவே நீக்கம். ஆசிரியர்களுக்கோ, நமக்கு நன்கு புரியும் மொழியிலேயே தண்டனை எழுதப்பட்டிருக்கிறது: நடுப்படிக் குற்றத்துக்கு ஓர் ஆண்டு ஊதிய உயர்வு இல்லை, மேற்படிக்கு அடுத்தடுத்து இரண்டு ஊதிய உயர்வு இல்லை, 3 ஆண்டுகள் புது மாணவர்களை ஏற்கவும் முடியாது. கண்டுபிடிக்கக் கணினி உண்டு. குஜராத்து காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் 'சோத்கங்கா' என்னும் களஞ்சியத்தில் நாடெங்கும் எழுதப்பட்ட ஆய்வேடுகள் பல இலட்சம் குவிந்துள்ளன. ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளைப் பல்கலைக்கழகங்களுக்குத் தரும் திட்டமும் 2019இல் தொடங்கியது. தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்திருப்பின் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் விதி இடம் தருகிறது. பதினான்கு என்ற கணக்கு எவ்வாறு வந்ததோ!

கணினி ஒன்றைத்தான் சொல்லும்: இந்த ஏட்டின் இன்ன வரியும் அந்த ஏட்டின் இன்ன வரியும் ஒன்றாக இருக்கின்றன என்பதை. எது தாய், எது சேய் என்பது அதன் வேலையன்று. அதன் களஞ்சியத்தில் இருப்பது அதற்கு மூத்தது. புதிதாக வருவது இளையது. தமிழுக்கு மற்றோர் இடையூறும் உண்டு. ஒருங்குறி பரவுமுன் தமிழ் எழுத்துருக்கள் கடைக்கொன்றாக இருந்தன. ஒரு கடையில் தட்டிய கோப்பை மறுகடையில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் குறியுமாகத்தான் தெரியும். தமிழ்நாட்டு அரசு தமிழ் ஒருங்குறியை ஏற்றதே 2010இல்தான். அதற்கு முந்திய கோப்புகளை மாற்றாமல் கொடுத்தால் கணினிக்கு அது தமிழாகவே படாது. மலையாள நூலையோ ஆங்கில நூலையோ வரிக்கு வரி தமிழாக்கித் தன் பெயரில் வைப்பவனையும் எழுத்தோடு எழுத்தை ஒப்பிடும் கருவி எளிதில் பிடிக்காது. கேட்டதும் எழுதித் தரும் கணினியும் இப்பொழுது வந்துவிட்டது; நம் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டுரைகளில் அதன் நடையை நாம் காணத் தொடங்கியிருக்கிறோம். அதனைப் பற்றி எழுத நம்மினும் இளையவர் வரட்டும்.

இனி நம் கதை.

2002இல் இளங்கலைப் பட்டமும் வெறுங்கையுமாக இருந்த நாம், சாலைக் கடைத்தெருவின் பக்கச் சந்து ஒன்றில் நாகர்கோவில் அண்ணாச்சி ஒருவர் நடத்திய ஒளியச்சுக் கடையில் வேலைக்கு அமர்ந்தோம். திருமண அழைப்பு, நீத்தார் நினைவு அட்டை, கோயில் கொடைவிழா நோட்டீசு இவற்றுக்கிடையே அவ்வப்போது தமிழ் ஆய்வேடுகளும் வரும். அந்த ஆண்டு ஆடி மழையில் தமிழாசிரியை ஒருவர் நான்கு இயல்களைக் கையெழுத்தில் கொண்டுவந்தார். முப்பத்தைந்தைக் கடந்த வயது. பள்ளி வேலையோடு பகுதிநேரமாக ஆய்வு செய்பவர். நாம் அவரை அக்கா என்றே அழைத்தோம்.

நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் மணமாகி இந்நகருக்கு வந்து, 1956இல் எல்லை பிரிந்த பின்னும் இங்கேயே தங்கிவிட்ட தமிழ்ப் பாட்டிமாரின் தாலாட்டும் ஒப்பாரியுமே அவருடைய பொருள். கரமனையிலும் வலியசாலையிலும் சாலையிலும் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். தாலாட்டு எளிதில் கிடைத்தது. ஒப்பாரிதான் கிடைக்கவில்லை. "சாவு இல்லாத வீட்டுல ஒப்பாரி சொல்லக் கூடாதுன்னு பாட்டிமார் ஒத்துக்க மாட்டாங்க, தம்பி. ஆத்தங்கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போய்த்தான் பதிவு பண்ணினேன்" என்றார். கரமனை ஆற்றுப் படித்துறையில் ஒலிப்பதிவுக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு மாலை மாலையாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு பாட்டி, மாதிரிக்குப் பாடுகிறேன் என்று தொடங்கி, வாலிபத்தில் இறந்துபோன தம் மூத்த மகனை நினைத்து மெய்யாகவே அழுது, அக்காவின் தோளைப் பற்றிக்கொண்டு இருட்டும்வரை எழவில்லையாம். அந்தப் பாட்டையும் அவர் எழுதி வைத்திருந்தார்.

தட்டச்சில் நாம் அந்நாளில் விரைவு மிகுந்தவர். கவனம் அதற்கு ஈடாக இருந்ததில்லை. பாடியோர் பட்டியலில் 81 வயதுப் பாட்டி ஒருவருக்கு 18 என்று அடித்துவிட்டோம். அதே வரியில் 'பேரப்பிள்ளைகள் 9' என்று இருக்கிறது! அக்கா பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். சிவப்பு மையால் திருத்தினார். ஆனால் திருத்தாத படி ஒன்று அதற்குள் வேறிடத்துக்குப் போயிருந்தது. அடுத்த மாதம் அவருடைய கணவர் நோயில் விழுந்தார். மருத்துவமனையும் வீடும் பள்ளியுமாக அலைந்த அவர், ஆய்வைக் கைவிட்டார். அச்சுக்கூலி முழுவதையும் கொடுத்துவிட்டுத்தான் சென்றார். பற்றுச்சீட்டில் நாம் கையொப்பமிட்டோம்.

2005இல் வேறொருவர், வேறொரு பல்கலைக்கழகத்துக்குரிய ஆய்வேட்டைக் கொண்டுவந்தார். கையெழுத்து வேறு, தலைப்பு வேறு. மூன்றாம் இயலில் பாடியோர் பட்டியல் வந்தது. தட்டிக்கொண்டே போனோம். கரமனை; வயது 18; பேரப்பிள்ளைகள் 9. விரல் நின்றுவிட்டது.

நம் குமாஸ்தா முன்னோர் அடித்த ஈயைப்போல, நாம் செய்த பிழை ஒன்று மற்றொருவர் கையெழுத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அண்ணாச்சியிடம் சொன்னோம். அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "தம்பி, நம்ம வேலை அடிக்கிறது. படிக்கிறது இல்ல" என்றார். அவர் தீயவர் அல்லர். நான்கு பெண்களைக் கரையேற்ற வேண்டியவர். நாமும் திரும்பி வந்து அமர்ந்தோம். அக்காவின் பள்ளி எது என்பது நமக்குத் தெரியும். அரை மணி நேரப் பேருந்துப் பயணம். ஒரு நாள் மாலை போயிருக்கலாம், போகவில்லை. அதனினும் பெரிய பிழை ஒன்றும் செய்தோம். 18 என்றிருந்ததை 81 என்று திருத்தி அடித்தோம். நம் பழைய தவற்றைக் காணக் கூசியதாலா, வேலை செப்பமாக இருக்கவேண்டும் என்ற பழக்கத்தாலா என்று இன்றும் நம்மால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஏடு முடிந்து கொடுத்தபோது அந்த ஆய்வாளர் திருத்தத்தைக் கண்டு, நல்ல கண் உமக்கு என்று பாராட்டினார். நன்றியுரைப் பக்கத்தில், அழகுற ஒளியச்சு செய்து தந்தவர் என்று நம் பெயரையும் சேர்த்தார். பாட்டிமார் பாடித் தந்தனர் என்று அதில் இருந்தது. யாரிடம் பாடித் தந்தனர் என்பது இல்லை. அவ்வாண்டு இறுதியில் நமக்கு மத்திய அரசுப் பணி கிடைத்தது. கடையை விட்டோம்.

2021இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முகக்கவசம் அணிந்த அம்மையார் ஒருவர் நம் வீட்டு வாயிலில் நின்றார். குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. கேரளத்தில் பள்ளி ஆசிரியர்க்கு 56இல் ஓய்வு. ஓய்வுக்குச் சில ஆண்டு முன்பே பழைய ஆய்வை மீண்டும் பதிவு செய்து, ஒலிநாடாக்களை மறுபடி கேட்டு, ஏட்டை முடித்துவிட்டிருக்கிறார். கணினி ஒப்பீட்டில் 62 விழுக்காடு என்று வந்திருக்கிறது. 2005இன் ஏடு களஞ்சியத்தில் மூத்ததாக அமர்ந்திருந்தது. இவருடைய நான்கு இயல்களோ எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அளிக்கப்படாதவை. எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவை. கரமனை ஆற்றங்கரையில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தவர், பதிவு நீக்கத்துக்குரிய திருடர் என்று கணக்கு சொல்லிற்று.

அவர் பையிலிருந்து மஞ்சளேறிய ஒரு கட்டும் பற்றுச்சீட்டும் எடுத்தார். "தம்பி, இது உங்க கையெழுத்துதானே? அச்சடிச்சவங்க எழுதிக் கொடுத்தா குழு பார்க்கும்னு சொல்றாங்க. அண்ணாச்சியும் போயிட்டாராமே" என்றார். 2005ஆம் ஆண்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கையொப்பம் நம்முடையது என்று மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அப்படித்தான் முதலில் நினைத்தோம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னோம். 18ஐ 81 ஆக்கியதையும் சொன்னோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. நம் துணைவியார் கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிப்போயிற்று. "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தம்பி" என்றார், அவ்வளவுதான்.

இரு ஏடுகளையும் கூடத்துத் தரையில் பரப்பி வைத்து ஒப்பிட்டோம். களஞ்சியத்து ஏட்டை நம் மகள் கணினியில் எடுத்துத் தந்தாள். வரிகள் ஒன்றாக இருப்பதில் பயனில்லை. அதைத்தான் கணினியே சொல்லிவிட்டதே. யார் முந்தியவர் என்பதற்குத் தடம் வேண்டும். நாம் அறிந்திருந்த ஒரே தடத்தை நாமே அழித்திருந்தோம். பாட்டுகளுக்கு இட்ட எண்களைச் சும்மா விரலோட்டி எண்ணிக்கொண்டு வந்த அக்கா, சட்டென்று நிறுத்தினார். பழைய கட்டில் 33க்கு அடுத்து 35. நடுவில் 34 இல்லை. களஞ்சியத்து ஏட்டைப் பார்த்தோம். அங்கும் 33க்கு அடுத்து 35.

அவருடைய கையெழுத்துப் படியில் 34 இருந்தது. அந்த ஆடி மழை ஈரத்தில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். நாம் ஒன்றைப் புரட்டாமலே தட்டியிருக்கிறோம். அந்தத் தாளின் பின்புறத்தில் மறுதாளின் மை ஏறிய கறை இன்னும் இருக்கிறது. அச்சான படியைப் பார்த்து எழுதியவருக்கு 34ஆம் பாட்டு உண்டென்பதே தெரிந்திருக்க வழியில்லை. எண் தாவுவதையும் அவர் கவனிக்கவில்லை. அது எந்தப் பாட்டு என்று கேட்டோம். படித்துறையில் மூத்த மகனுக்கு அழுத பாட்டியின் ஒப்பாரி.

வாக்குமூலத்தை அலுவலக முறையில் எண்ணிட்டு எழுதினோம். முதற் பத்தியும் இரண்டாம் பத்தியும் எளிதில் முடிந்தன. இரண்டாம் முறை அச்சிட்டபோது இப்பகுதி முன்னமே நம் கைக்கு வந்தது என்பதை அறிந்தே அச்சிட்டோம் என்னும் மூன்றாம் பத்திக்கு மட்டும் மூன்று தாள் வீணாயின. குழுவின் முன் நேரிலும் போய் நின்றோம். ஒலிநாடாக்களும் கையெழுத்துப் படியும் பற்றுச்சீட்டும் 34 என்ற விடுபட்ட எண்ணும் சேர்ந்து, ஒப்புமைக்கு அக்கா பொறுப்பல்லர் என்று முடிவாயிற்று. 2005ஆம் ஆண்டின் ஏட்டைக் குறித்து அதற்குரிய பல்கலைக்கழகத்துக்கு மடல் போயிருக்கிறது. அங்கிருந்து இன்றுவரை பதில் வரவில்லை. அதனை எழுதியவர் இன்று மாணவர்க்கு வழிகாட்டியாக இருக்கிறார்.

2023இல் அக்காவுக்குப் பட்டம் கிடைத்தது. ஏட்டின் படி ஒன்றைத் தாமே வந்து நம் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். ஒருங்குறியில் அழகாக அச்சாகியிருக்கிறது. 34ஆம் எண்ணில் ஒப்பாரி இருக்கிறது, பதினெட்டு வரி. நன்றியுரைப் பக்கத்தைத் திருப்பினோம். பாடித் தந்த பாட்டிமார் எல்லோரும் பெயரும் ஊருமாக இருந்தனர். கரமனைப் பாட்டிக்கு வயது 81 என்றே இருந்தது. நம் பெயர் இல்லை.